இரண்டாம் பக்கம்

விலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டது.
கை குலுக்கியாயிற்று, டீயும் குடித்தாயிற்று.
அப்புறம்தான் பெர்னதெத்
இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்,
ஸ்கேன் ரிப்போர்ட் படிக்கும் டாக்டர் போல
முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டு.

"கடலூர் உப்புக் காத்து மேடம்.
அடியில கோட்டிங் இல்லேன்னா
மூணே வருஷம், தகடு அப்பளமாயிடும்."

யாரிடம் சொல்கிறாள்!
சிப்காட்டில் பதினோரு வருடமாய்
எனக்கு வேலையே துரு எண்ணுவது.
விரலளவு இரும்புத் துண்டுகளை
உப்புப் பனி பொழியும் பெட்டிக்குள் தொங்கவிட்டு
எழுநூற்றிருபது மணி நேரம் கழித்துத் திறந்து
லென்ஸில் பார்த்து
ஒரு சிவப்புப் புள்ளி, இன்னொரு சிவப்புப் புள்ளி.
தொழிற்சாலையிலேயே தொட்டியில் முங்கி எழுந்த தகடு இது.
அதன் மேல் இவர்கள் அப்பும் தார்
ஓரத்தில் ஒரு மயிரிழை விட்டால் போதும்,
ஈரம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
பேனாவைக் கேட்டேன்.

அடிப்பூச்சு ஆறாயிரத்து ஐந்நூறு. ஒரு கோடு.
டெஃப்லான் மெருகு. கோடு.
இன்னும் யாரும் உட்காராத சீட்டுக்குக்
கிருமி நீக்கம்.
கோடு போடும்போது சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்.
ஹேண்ட்லிங் சார்ஜ், எதைக் கையாள என்றேன்.
அதை அவளே அடித்தாள், சத்தமில்லாமல்.
நாலாம் அஞ்சாம் வருட வாரண்டி,
மூன்று வருடம் முடிவதற்குள் யோசித்துக்கொள்ளலாமே.
கலியமூர்த்தி கேட்ட நீல விளக்கு மட்டும்
கோட்டுக்கும் விலைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.
"ராத்திரியில கால் வைக்கிற இடம் தெரியும்" என்றார்.
நாற்பத்து நாலு வருஷமாய்
கால் அதன் இடத்தைத் தானாகத்தான் கண்டுபிடிக்கிறது.

ஒன்றை மட்டும் அடிக்கவில்லை.
கெடிலம் கரை மீறிய வருஷம்
கம்மியம்பேட்டையில் எதிர் வீட்டு ஜெயபாலன்
முழங்கால் தண்ணீரில் நின்ற காரை
பதற்றத்தில் ஸ்டார்ட் செய்தார்.
உள்ளே ஏதோ முறிந்த சத்தம்
மாடியில் நின்ற எங்களுக்குக் கேட்டது.
இன்சூரன்ஸ்காரர் பூட்ஸில் சேறோடு வந்து சொன்னார்,
"வெள்ளம் எங்க பொறுப்பு சார்,
சாவியைத் திருப்பினது உங்க கை."
எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு, வருடத்துக்கு
ஒரு தீபாவளிப் புடவைக் காசு.
வெளியே இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு
அதற்கு டிக் போட்டேன்.

தாள் வயல்வரப்பு மாதிரிக் கோடுகளாய்க் கிடந்தது.
பெர்னதெத் அதைத் தன் பக்கம் திருப்பி
உதடு அசையாமல் கூட்டினாள்.
எனக்கான கூட்டல் இல்லை அது.
மேலாளரின் கண்ணாடி அறைக்குள்
பலகையில் ஐந்து பெயர்கள்,
அவள் பெயருக்கு நேரே இரண்டு குச்சிகள்,
தேதி இருபத்தெட்டு.
அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ் என்று
டீ குடிக்கும்போதே சொல்லியிருந்தாள்.

"மேட்டாவது எடுங்க மேடம்."

நெல்லிக்குப்பம் சாலையில்
இதே மேட் ஆயிரத்து முந்நூறு குறைவு.
தெரியும். ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன்.
எடுத்தேன்.
வீட்டில் விலை கேட்டபோது
நெல்லிக்குப்பம் விலையைச் சொன்னேன்.
துருவில் பொய் சொல்லத் தெரியாத எனக்கு
ரப்பரில் வந்தது.

வண்டி எடுத்த அன்று
ஆளுயர அட்டைச் சாவி ஒன்றைக் கொடுத்து
இருவரையும் சிரிக்கச் சொன்னார்கள்.
கலியமூர்த்தி அதைக் குழந்தை போல ஏந்திக்கொண்டார்.
படம் எடுத்ததும்
ஒரு பையன் வந்து வாங்கிக்கொண்டு போய்
அடுத்தவர் கையில் கொடுத்தான்.
அதற்கு மட்டும் பில் இல்லை.

சில்வர் பீச் வரை ஓட்டினோம்.
கண்ணாடியில் அதற்குள் உப்பு.
விரலால் தொட்டு, பழக்கத்தில்,
மணி பார்த்துக்கொண்டேன்.