சனிக்கிழமை ஒன்பதரை

எங்கள் வீட்டில் பதினான்கு பேர்.
கட்டிலில் ஆறு, கீழே ஐந்து,
நீல ட்ரம் மேல் பிரின்சி,
வாசற்படியில் செய்யதலி,
அவர் தோளுக்கு மேல் ஒரு தலை,
அது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.
தங்கபுஷ்பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.
அவள் எங்கள் பிரிட்ஜில் சாய்ந்து நின்றாள்.
டிவியில் வரப்போவது அவள் வீடு.

அவள் வீட்டு டிவி
புதுச் சுவரோடு சுவராக இருக்கிறது,
ஒரு வயர் வெளியே தெரியாமல்.
கேபிள்காரன் வந்து தடவிப் பார்த்தான்,
உடைக்கவா என்று கேட்டான்,
போய்விட்டான்.

முதலில் பழைய வீட்டைக் காட்டினார்கள்.
ஈரம் ஊறிய சுவர், கூடவே சோக வயலின்.
அதே சுவரின் இந்தப் பக்கத்தில்
நாங்கள் காலண்டர் மாட்டியிருக்கிறோம்.
எங்கள் ஈரத்துக்கு இதுவரை
யாரும் வயலின் வாசித்ததில்லை.

"பாத்திரத்தயாவது கழுவி வச்சிருக்கலாம்ல,
நாலு ஜனம் பாக்குறது" என்றாள் மும்தாஜ் அக்கா.
"கழுவித்தான் வச்சிருந்தேன்.
அவங்கதான் கலைச்சுப் போட்டாங்க."

சிமெண்ட் விளம்பரம், இன்னொரு சிமெண்ட்,
பிறகு நகைக்கடன்.

புது வீடு வந்தது.
பிஸ்தா பச்சை.
சுவருக்குள் மடிந்து போகும் கட்டில்.
அடுப்படிக்குக் கண்ணாடிக் கதவு.
"கித்தி சான்" என்று கன்னத்தில் கைவைத்தாள் ஷைலா வைனி,
ட்ரான்சிட் கேம்பில் எட்டு வருடம் இருந்தவள்.
ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பொறாமைதான்,
எனக்கும்.

பிறகு சீத்தா கேம்ப் விழித்துக்கொண்டது.
கட்டில் இறங்கினா கதவு தொறக்குமா?
ஈரத்துணி எங்க காயும்?
மீன் வறுத்தா அந்தக் கண்ணாடி என்னத்துக்கு ஆகும்?
நைட் ஷிப்ட் முடிஞ்சு சுடலை பகல்ல படுத்தா
பிள்ளைங்க எங்க உக்காரும்?
அந்தச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?

"அது பிளாஸ்டிக்" என்றாள் தங்கபுஷ்பம்.
"அதையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

கண்கட்டை அவிழ்க்கும் இடம்.
அவள் வாயைத் திறக்கிறாள்,
வருவது வேறு யாரோ ஒருத்தியின் இந்தி,
தேன் தடவிய இந்தி:
கனவு போல இருக்கிறது,
கடவுள்தான் உங்களை அனுப்பினார்.
அந்தக் குரல் அரை நொடி தாமதமாக வந்தது.
அந்த இடுக்கில் கேட்டது அவள் தமிழ்:
"ட்ரம்ம..."

அப்புறம் விளம்பரம்.
அது முடிந்ததும்
அதே கண்கட்டை மறுபடி அவிழ்த்தார்கள்.
என் மகன் சத்தத்தைக் கூட்டினான், இந்தியும் கூடியது.
"எங்க" என்று ஒரு சொல் மட்டும் தேறியது.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது
மூன்றாம் முறை.
செய்யதலி எட்டி ஃபேனை நிறுத்தினார்.
பதினான்கு பேரும் மூச்சைப் பிடித்தோம்.
"ட்ரம்ம எங்க வச்சிருக்கீங்க,
அஞ்சே முக்காலுக்குத் தண்ணி வந்துருமே..."
திரையில் அவள் அழுகிறாள்,
வயலின் ஏறுகிறது,
தொகுப்பாளினியும் அழுகிறாள்.
எங்கெங்கோ எத்தனை வீடுகளில்
யார் யாரோ கண்ணைத் துடைத்திருப்பார்கள்
ஒரு பிளாஸ்டிக் ட்ரம்முக்காக.

சிரித்து அடங்க நேரமானது.
மும்தாஜ் அக்காவுக்குப் புரையேறிவிட்டது.
சுடலை மட்டும் சிரிக்கவில்லை.
"வீடு நல்லாத்தானய்யா இருக்கு,
ஏன் எல்லாரும் இப்படி" என்று
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான்.
அதன்பிறகு ஒவ்வொருவராக
வீடு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.
தூங்கிப்போன பிரின்சியை
ட்ரம் மேலிருந்து தூக்கினாள் அவள் அம்மா.
அவர்கள் ஒட்டிய சீட்டு
அதில் இன்னும் கிழியாமல் இருக்கிறது:
ஹடாவோ.

ஞாயிறு காலை அஞ்சே முக்கால்.
கதவைத் தட்டவில்லை.
எங்கள் ஜன்னல் வழியாக
பச்சைக் குழாயை உள்ளே நீட்டுகிறாள்.
அரைத்தூக்கத்தில் அதன் முனையைப் பிடித்து
ட்ரம்முக்குள் விடுகிறேன்.
தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறாள்:
"ஏக்கா, உண்மையச் சொல்லு.
டிவில நான் குண்டாத் தெரிஞ்சேனா?"