ஐந்தாம் எண்

வணிகவியலுக்கு இடம் அறுபது.
விண்ணப்பம் ஆயிரத்து நானூற்றுப் பதினேழு.
மீதியை எப்படிக் கழித்தாய் என்று
கணக்கியல் நடத்துகிற என்னிடம் கேட்காதீர்கள்.
அரசாணை கழித்தது, இனச்சுழற்சி கழித்தது,
நான் கோடு மட்டும் போட்டேன்,
பென்சிலால்.

தேவனாம்பட்டினத்துக் காற்று
மதியம் மூன்றுக்குத்தான் மாடி ஏறி வரும்.
அதுவரை சேர்க்கைக் குழு அறையில்
ஒரு மின்விசிறி, நான்கு பேராசிரியர்,
தாள் பறக்காமலிருக்க
யாரோ பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்து
தின்ற பலாவின் கொட்டைகள்.

பதினொன்றரைக்கு ஒரு பையன்.
"பாண்டியில இன்ஜினியரிங் கெடைச்சிருச்சு மேடம்,
டீசி வேணும்."
வாழ்த்தினேன்.
வாழ்த்தும்போதே என் கண்
அவன் எழுந்த இடத்தின் மேல் இருந்தது.

காத்திருப்போர் பட்டியல், அவன் பிரிவில்:
முதலாமவள் செவிலியர் படிப்புக்குப் போய்விட்டாள்.
இரண்டு, திருப்பாதிரிப்புலியூரில் மாமா கடை.
மூன்று, சிப்காட்டில் பகல் ஷிஃப்ட்.
எந்திரச் சத்தத்துக்கு நடுவே "யாரு? யாரு?" என்றான்;
பதவி, துறை, கல்லூரி எல்லாம் நான் கத்தி முடித்ததும்
வேணாங்க என்றான், மரியாதையாகத்தான்.
நான்கு: தாங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை.

ஐந்து. சங்கவி, சோனாங்குப்பம்.
எடுத்தது ஓர் ஆண்குரல்:
"மஞ்சக்குப்பம் எம்.கே. நெட் சென்டர், சொல்லுங்க."

அப்பாவா? இல்லை. அண்ணனா? இல்லை.
போன் இல்லாத பிள்ளைகளுக்குத்
தன் எண்ணையே போட்டுவிடுவாராம்.
"ஓடிபி வரணுமில்ல மேடம்."
பட்டியலைப் புரட்டினேன்.
ஐந்து, பதினொன்று, பதினாறு, இருபத்தொன்பது,
எல்லோரும் ஒரே பத்து இலக்கத்தில்
ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள்.

"நாலு மணிக்குள்ள வரணும்."
"கடைய சாத்திட்டு நானே போறேன்."

ஆறாம் எண்ணை அழைக்கும் தேவையே இருக்கவில்லை.
காலை ஒன்பதிலிருந்து வாசலில் நிற்கிறாள்,
குறிஞ்சிப்பாடி மோனிகா, அப்பாவோடு.
அவர் மஞ்சள் பையில் அசல் சான்றிதழ்கள்,
முகத்தில், எதையும் கேட்டுவிடக் கூடாதென்ற கவனம்.
தண்ணீர் குடிக்கப் போவதுகூட
ஒருவர் மாற்றி ஒருவர்.

மூன்று நாற்பதுக்கு மறுபடி அழைத்தேன்.
மணி அடித்து ஓய்ந்தது. வண்டியில் இருப்பார்.
கெடிலம் பாலத்தில் லாரி ஏதும் நிற்கக் கூடாது.
முதல்வர் எட்டிப் பார்த்தார்: "முடிச்சாச்சா?"
சுவர்க்கடிகாரத்தை நம்பாமல் கைக்கடிகாரம்,
அதையும் நம்பாமல் செல்பேசி.
நாலு மூன்றுக்கு எழுதினேன்: மோனிகா.
பேனாவால்.

நாலு பதினொன்றுக்கு ஸ்கூட்டர்.
இறால் உரித்த விரல்களைத்
துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே படியேறினாள்.
மூச்சு வாங்கியது கடைக்காரருக்குத்தான்.
நான் சொன்னதைக் கேட்டுவிட்டு
அவள் கேட்டது ஒன்றே:
"அடுத்து எப்ப மேடம் கூப்புடுவீங்க?"

கூப்பிடுவேன் என்றேன். பொய்யில்லை.
ஆனால் அதற்குப் பிறகு யாரும் எழவில்லை.
ஜூலை முடிவில் சேர்க்கைத் தளம்
தன்னைத் தானே பூட்டிக்கொண்டது.

ஆகஸ்டில், வருகைப்பதிவில்,
முப்பத்தெட்டாம் எண் பதில் சொல்லவில்லை.
மறுநாளும்.
கல்யாணம் என்றார்கள், திருப்பூர் என்றார்கள்.
மூன்றாம் பெஞ்சில் சன்னலோரம்
கடற்காற்று வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது.
அந்த இடத்தை இனி மூன்றாண்டுக்கு
யாருக்கும் தர எனக்கு அதிகாரமில்லை.
பக்கத்தில் மோனிகா
பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்,
கோடு கோணாமல் எழுதுகிறாள்.
இரண்டும் சமமாக வரவேண்டும் என்று
கரும்பலகையில் நான்தான் எழுதிப்போட்டேன்.

இந்த மே மாதம் ஓர் அழைப்பு.
பெயர் சேமித்திருந்தேன்: ஐந்தாம் எண்.
"இந்த வருஷம் அவங்கவங்க நம்பரத்தான் போடுறேன் மேடம்.
இல்லாதவங்களுக்கு மட்டும் என்னோடது."
இல்லாதவர்கள் எத்தனை பேர்?
"பதினாலு."

பதினாலில் அவள் உண்டா என்று
கேட்க வாயெடுத்து,
கடைசித் தேதி எது என்று அவருக்குச் சொன்னேன்.
இரண்டு முறை சொன்னேன்.