நீர் கலந்தது

காலை ஐந்தரைக்குப் பாலைச் சந்தேகப்படத் தொடங்குவேன்.
சம்பளமே அதற்குத்தான்.
வலசையூர் சங்கத்தில் பதினேழு வருடம்
கேன் கேனாக லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு
இருபத்தெட்டுக்குக் கீழே போனால்
சிவப்பு மையில் ஒரே வரி: நீர் கலந்தது.

வயிற்றுக்குப் பால் ஆகவில்லை என்றார் டாக்டர்.
எங்கே வேலை என்று கேட்டார், சொன்னேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அதனால்தான் இந்த ஞாயிறு, ஃபேர்லேண்ட்ஸ் கடையில்,
ஓட்ஸுக்கும் பூனைத் தீனிக்கும் நடுவே நிற்கிறேன்.
குளிர்பெட்டியில்கூட வைக்கவில்லை.
நான்கு அட்டைப்பெட்டி, நான்கிலும்
வெள்ளை அருவியில் பாதாம்கள் குதித்துக் குளிக்கின்றன.

எனக்குத் தெரிந்த பாதாம் பால் மஞ்சளாக இருக்கும்.
புது பஸ் ஸ்டாண்டில், ராத்திரி பதினோரு மணிக்கு,
ஏடு விலக்கி ஊற்றித் தருவார்கள்.
அதில் பாதாம் பேருக்கு, பால் மாட்டுக்கு.
இதில் பால் என்ற சொல்லே இல்லை. பானமாம்.
சரி, அதிலாவது ஒழுங்கு.

கண்ணாடியை இறக்கிப் பின்பக்கத்துக்குப் போகிறேன்.
ஒன்றில் தண்ணீர், சர்க்கரை, அப்புறம் பாதாம், இரண்டு சதம்.
லிட்டருக்கு இருபது கிராம்.
கல்யாணப் பாயசத்திலேயே இதைவிட அதிகம் மிதக்கும்.
இன்னொன்று வெனிலா. வேண்டாம்,
காப்பியில் யாரோ சென்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.
மூன்றாவதில் பாதாம் எவ்வளவு என்றே போடவில்லை,
கால்சியம் மட்டும் கொட்டை எழுத்தில்.
"இதுதான் ஆன்டி மூவிங்" என்கிறான் பையன்.
மூவிங் ஆகட்டும்.

நான்காவது, சர்க்கரை இல்லாதது, முந்நூற்றுப் பத்து ரூபாய்.
தண்ணீர் எண்பத்தொன்பது சதம் என்று
தானாகவே எழுதிக் கொடுத்திருந்தது.
பதினேழு வருடத்தில் ஒருத்தரும்
எனக்கு அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.
எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் முதல் டம்ளர் திரிந்துபோனது.
ஏற்காட்டுப் பொடி, கொதிக்கக் கொதிக்க டிகாக்‌ஷன்;
பானம் பயந்து துணுக்குத் துணுக்காகப் பிரிந்தது.
இரண்டாம் முறை டிகாக்‌ஷனை ஆறவிட்டு
பானத்தை லேசாகச் சூடு காட்டி
மெதுவாக, வரன் பார்க்க வந்தவர்களைப் பேசவிடுவது போல.
சேர்ந்தது.
ருசி? குற்றம் சொல்ல முடியாது, பாராட்டவும் வரவில்லை.
நுரை மட்டும் இல்லவே இல்லை.

கை சும்மா இருக்குமா.
பையிலிருந்த லாக்டோமீட்டரை எடுத்து
மிச்சத்தில் இறக்கினேன்.
தடக்கென்று மூழ்கி, தயங்கி, மேலே வந்து
பதினொன்றில் நின்றது.
பதினொன்றுக்கு என் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

மறுநாள் பூங்காவனம் வந்தாள். இருபத்தைந்து.
சிவப்புப் பேனாவைத் திறந்தபடி
முதல்தடவையாக, சண்டைக்கு இல்லாமல், கேட்டேன்:
"எவ்வளவு ஊத்தின?"
கேனைப் பார்த்தாள். பின்னால் சேர்வராயன் மலைமேல்
மேகம் இன்னும் எழுந்திருக்கவில்லை.
"ஒரு சொம்பு மேடம்" என்றாள்.

விதி விதிதான். கேனைத் திருப்பி அனுப்பினேன்.
திரும்பும்போது என் பிளாஸ்க்கைக் காட்டி
"என்ன மேடம், ஒரு மாதிரி வெளுப்பா இருக்கு?" என்றாள்.
சொன்னேன். விலையையும் சொன்னேன்.
அதில் தண்ணீர் எவ்வளவு என்று
அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
கேட்காமல் நின்றாள்,
கையிலிருந்த கேனின் எடையை
ஒருதடவை தூக்கிப் பார்த்துக்கொண்டு.