சிரிப்பு ஒட்டுகிறவள்

என் வேலை என்னவென்று சொன்னால்
யாரும் நம்புவதில்லை.
சிரிப்பு ஒட்டுகிறேன்.
யெரெவானில், நிலையத்தின் மூன்றாம் மாடியில்,
சன்னல் இல்லாத அறையில்,
வாரத்துக்கு ஐந்து பகுதிகள்.

பட்டாளத்துப் பையன்களின் நாடகம்.
ஒட்டுப்பலகையில் பாசறை, அட்டையில் மலை.
பதினெட்டு வயதுச் சிப்பாயாக
முப்பத்தோரு வயது ஸாவென்:
தட்டைப் பாதமென்று சான்றிதழ் வாங்கி
பட்டாளத்து வாசலைக்கூட மிதிக்காதவன்.
சந்தையில் மெய்யான சிப்பாய்கள்
அவனுக்குச் சல்யூட் அடிக்கிறார்கள்.
கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொள்கிறான்,
கூடவே இரண்டு கிலோ ஆப்ரிகாட்டும், இனாமாக.

என்னிடம் நாற்பத்திரண்டு சிரிப்புகள் உண்டு.
எப்போதோ கியும்ரியில் ஓர் அரங்கில்
எதற்கோ சிரித்தவர்கள்.
ஏழாம் எண் ஒரு பல் வைத்தியர்;
ஓசை பெரிது, மனசு சின்னது.
பதினொன்று ஒரு பெண், இருமலில் முடிப்பாள்.
இருமலை வெட்டு என்றார் இயக்குநர்.
தலையாட்டினேன்,
வெட்டவில்லை.

சார்ஜென்ட் வழுக்கி விழுந்தால் ஏழு.
வீட்டிலிருந்து வந்த பொட்டலத்தில்
பாஸ்துர்மா இருப்பதை
பாசறையே மோப்பம் பிடித்தால்
ஏழும் பதினொன்றும் சேர்த்து,
ஒரு மூச்சு விட்டு.

கீழ்வீட்டுப் பெர்ஜூஹி ஒரு நாளும் தவறவிட மாட்டாள்.
"பையன்கள் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்" என்பாள்.
அவள் கணவர், டிராலிபஸ் ஓட்டுநர்,
செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார்.

அந்த இரண்டு வருஷமும் என் தம்பி நோராயர்
வார்டெனிஸுக்கு மேலே எங்கோ காவலில்.
ஞாயிறு மாலை நாலு நிமிஷம் பேசுவான்.
குளிருதா என்றால்
"இங்கே குளிரே இல்லை" என்பான்.
பின்னால் காற்று
கட்டிப்போட்ட நாயாய் ஊளையிடும்.
அந்த இடத்தில் ஏழு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.
விரல்கூட மேசைமேல் பொத்தானைத் தேடியது.
அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஜூலையில் திரும்பி வந்தான்.
கழுத்து மட்டும் கறுத்து, மற்றதெல்லாம் மெலிந்து.
வாதுமைக் கொட்டைகளோடு சோபாவில் உட்கார்ந்து
என் நாடகத்தைப் பார்த்தான்.
ஏழு சிரித்தது.
நோராயர் ஒரு கொட்டையை உடைத்தான்.
பதினொன்று சிரித்து இருமினாள்.
இன்னொரு கொட்டை.
நான் திரையை விட்டு அவன் வாயையே பார்த்திருந்தேன்,
அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி.

பிறகு ஒன்றுமே இல்லாத ஓரிடம்.
ஸாவென் ஏதோ நீளமாகப் பேசுகிறான்.
அவன் முதுகுக்குப் பின்னால், பெயரில்லாத ஒரு துணைப் பையன்
சாப்பிட்ட கரண்டியை நக்கித் துடைத்து
பூட்ஸுக்குள் செருகிக்கொள்கிறான்.
யாரும் எழுதித் தராதது.
நோராயர் வெடித்தான்.
மடியிலிருந்த ஓடெல்லாம் தரையில்.
"கரண்டி... அவன் கரண்டி..."
மேலே சொல்ல வரவில்லை.
கண்ணைத் துடைத்துக்கொண்டு,
"அவன் போய் வந்தவன்" என்றான்.

மறுநாள் பட்டியலில் தேடினேன்.
தோர்கோம். தினக்கூலி ஆறாயிரம் திராம்.
மெக்ரியில் இரண்டு வருஷம்.

மறு ஒளிபரப்புக்கு முன்
அந்தக் கரண்டிமேல் ஒரு சிரிப்பு வைத்தேன்.
பதினொன்று. இருமலோடு.
"இங்கே என்ன நகைச்சுவை?
ஒருத்தனும் ஒன்றும் சொல்லவில்லையே?"
இயந்திரக் கோளாறு என்றேன்.
சரிபண்ணு என்று காபிக்குப் போனார்.
அவர் வருவதற்குள் நாடாவை அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை.
நோராயர் பார்க்கவில்லை,
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போயிருந்தான்.
ஒலியைக் குறைத்துவிட்டு நான் மட்டும்.
கரண்டி பூட்ஸுக்குள் போனது.
தரைக்குக் கீழே
செய்தித்தாள் கசங்கியது.
அப்புறம் ஓர் ஆண்சிரிப்பு,
துருப்பிடித்த கீலாய்த் தடுமாறித் தொடங்கி
நிறுத்தத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது.
"என்னய்யா, என்ன ஆச்சு?" என்று பெர்ஜூஹி கத்துகிறாள்.

நாற்பத்து மூன்று.
பதிவு செய்ய
கையில் ஒன்றும் இல்லை.