மீதிச் சில்லறை

மஞ்சக்குப்பம் கிளினிக்கில்
பல்செட்டை மாட்டிவிட்டுக்
கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள்.
கல்யாண போட்டோவில் இருந்தவன்
தலை நரைத்துத் திரும்பி வந்திருந்தான்.
"நெல்லிக்குப்பம்" சொல்லிப் பார்த்தேன்.
"பண்ருட்டி."
"திருப்பாதிரிப்புலியூர்."
காற்று ஒழுகாமல் வந்தன மூன்றும்.
இருபத்தாறு வருஷம்
படிக்கட்டில் நின்று கூவிய ஊர்கள்.
டாக்டர் சொன்னார்:
இனிமேல் எல்லாம் சாப்பிடலாம்.

எல்லாம் என்றால்?

அன்று ராத்திரியும் குழைந்த சோறு, ரசம்.
விடிந்ததும் டீயில் நனைத்த பன்.
மத்தியானம் தயிர்சாதம்,
அதையும் ஐந்து விரலால் கூழாக்கி.
பற்கள் சும்மா இருந்தன,
டிரைவர் வராத வண்டியில்
ஏறி உட்கார்ந்த ஜனங்கள் மாதிரி.

நான் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன்.
தேவனாம்பட்டினம் கடற்கரையில்
சுண்டல்காரப் பையனிடம்: வாயு, வேணாம்.
மருமகன் சுமந்து வந்த பலாப்பழத்திடம்: சூடு.
முந்திரியிடம்: விலை.
முறுக்கிடம்: எண்ணெய்.
எதனிடமும் சொன்னதில்லை
என் வாயில் ஆளில்லை என்று.
சொல்லிச் சொல்லி
நிஜமாகவே பிடிக்காமல் போய்விட்டது.

ஈறு புண்ணானதைக் காட்டப் போன அன்று
பக்கத்து அறையில் நஸ்ரீன் என்றொரு பெண்,
சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிறவள்.
"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க,
மறைக்காம சொல்லுங்க."
சொன்னேன்.
எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
"எல்லாம் வெள்ளையா இருக்கு பாருங்க.
பல்லு வந்தாச்சு, தட்டு மாறலியே."
அப்புறம் சாதாரணமாக,
"வீட்ல அம்மா என்ன சாப்பிடறாங்க?"

தில்லைநாயகி
பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.
அறுபத்து மூன்று வயது.
கடைவாய் உட்பட ஒன்றும் விழவில்லை.
தன் கைப்பையின் ஜிப்பைப்
பாதி திறந்து பாதி மூடிக்கொண்டிருந்தாள்.

"அதேதான்" என்றாள்.
"ரெண்டு பேருக்கு ரெண்டு அடுப்பா வைப்பாங்க?"

ஏழு வருஷம்.
அவள் ரத்தத்தையும் சோதித்தார்கள்.
எட்டரை.
டிக்கெட்டில் அடித்த எண்ணைப் போல
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாய் பழகுவது
புது ரூட் பழகுவது போலத்தான்.
முதல் வாரம் வேகவைத்த பீட்ரூட்,
சுண்டுவிரல் நகம் அளவு.
இரண்டு பக்கமும் சரிசமமாக மெல்லணும்,
ஒரு பக்கம் கூட்டம் ஏறினால்
மறு பக்கம் தூக்கிக்கொள்ளும்.
பிறகு பாசிப்பயறு. முருங்கைக்கீரை.
முதுநகரிலிருந்து நெத்திலி.
கொய்யாவில்தான் தோற்றேன்.
ஒரே ஒரு விதை செட்டுக்கு அடியில் போய்
செருப்புக்குள் கல்லாக நின்றது.
அந்த மாசம் கொய்யா இல்லை.
பன் பழக்கம் இன்னும் முழுசாய் விடவில்லை,
அதையும் நஸ்ரீனிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று பண்ருட்டி ஸ்டாண்டில்
ஜன்னல் வழியே நீட்டிய கூடையிலிருந்து
தில்லைநாயகி பிஞ்சு வெள்ளரி வாங்கினாள்.
ராத்திரி எட்டு மணிக்கு,
நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது
பின்னால் ஒரு சத்தம்.
கடக்.
திரும்பிப் பார்த்தேன்.
மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரி,
அவள் தாடை, மறுபடி கடக்.
இந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு
எவ்வளவு நாளாயிற்று.
தன் பல்லை அவள்
என் பல்லோடு சேர்த்துக் கழற்றி வைத்திருந்தாளா?

சில்லறை இல்லாதபோது
டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவேன்,
இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று.
பாதிப் பேர் மறந்து இறங்கிவிடுவார்கள்.
இவள் கேட்கவே இல்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?
செட்டைக் கழட்டித் தண்ணியில போடுங்க,
மணியாச்சு."

போட்டேன்.
டம்ளருக்குள் அது சிரித்தபடி கிடந்தது.
அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள்,
அவசரமில்லாமல்,
கடைசித் துண்டை.