முதுகு காட்டுகிறவன்

சமநிலை தவிர்ப்பு உதை என்று அறிவித்தால்
கோல் கம்பத்துக்கு முதுகு காட்டி நிற்கிற ஆள் நான்.
ஏழாம் வாய்க்கால் கழகத்தின் நாலு வெற்றிகளும்
அப்படித்தான் வந்தன.
நாலையும் நான் காணவில்லை.

கண்டதைச் சொல்கிறேன்.

உருத்திரபுரத்தோடு அடித்த அன்று
எனக்கு நேரே ஐஸ்பழப் பெட்டியோடு யோகானந்தன்.
மூன்றாவது உதைவரை காசு எண்ணினான்.
நாலாவதில் எண்ணினதையே திரும்ப எண்ணினான்.
ஐந்தாவதில் அவன் வாய் திறந்தது,
சத்தமோ எனக்குப் பின்னாலிருந்து வந்தது.
பெட்டியை விட்டுவிட்டு ஓடினான்.
கிண்ணம் கொடுத்து முடியும்வரை
அதன் மூடியில் குந்திக் காவல் இருந்தவன் நான்.
கால்சட்டை நனைந்து விறைத்தது.
இன்றைக்கும் வெற்றி என்றால்
முதலில் அந்த இடத்தில்தான் குளிரும்.

முள்ளியவளையோடு மழை.
அந்தப் பந்துக்கு விடியவே இரண்டு ஒட்டுப் போட்டது
என் சைக்கிள் கடையில், என் கையால்.
ஊர் முழுக்கக் காப்பாளன் சாந்தரூபனுக்காக நேர்ந்தது,
நான் பந்துக்காக,
புதூர் நாகதம்பிரானுக்கு ஒரு தேங்காய்.
ஓடி வரும் காலடி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு
ஈரச் சாரத்தைக் கல்லில் அடித்த மாதிரி
அவனுடைய கையுறை.
எல்லாரும் சாந்தரூபனைத் தூக்கினார்கள்.
நான் பந்தைத் தூக்கி
ஒட்டின் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.
காற்றுப் போகவில்லை.

மூன்றாவது எந்தக் கொப்பியிலும் இல்லை.
முகாமில், தண்ணி பவுசருக்குப் பின்னால்,
பொலித்தீன் சுருட்டி ரியூப் நாடாவால் இறுக்கிய பந்து,
மஞ்சள் கான்கள் இரண்டு கோல்.
கழகத்துப் பெடியளில் அங்கே நின்றது ஏழு பேர்.
மற்றவர்களைப் பற்றி விசாரிப்பதை
அந்தக் கிழமைதான் நிறுத்தியிருந்தோம்.
மூன்றுக்கு மூன்றாய்ப் பிரிந்தார்கள்,
இரண்டு பக்கத்துக்கும் சாந்தரூபனே காப்பாளன்.
நான் பழக்கத்தில் திரும்பினேன்.
திரும்பினால் முள்ளுக்கம்பி.
கம்பிக்கு அப்பால் நின்ற ஆமிக்காரன்
ஒவ்வொரு உதைக்கும் ஒரு விரலை மடித்தான்.
முடிந்தபோது எங்களில் யாருக்கும் கணக்குத் தெரியவில்லை.
யார் வென்றதென்று அவனிடம் கைப்பாசையில் கேட்டேன்.
அவன் கனநேரம் யோசித்து
எங்கள் எல்லாரையும் காட்டினான்.

நாலாவது மாங்குளத்தோடு, போன வருசம்.
இடது மூலை என்கிறான் ஜெகதாஸ்,
வலது மூலை என்கிறாள் அவன் மனுசி.
நான் பார்த்தது மதகில் படுத்திருந்த நாயை.
அது தலையைத் தூக்கியது.
அதோடு எனக்கு விளங்கிவிட்டது.

ஒரே ஒரு தரம்தான் திரும்பாமல் நின்றேன்.
இந்த மாசி, பெண்கள் அணி.
ஐந்தாவது உதை யோகானந்தன் மகள் மதுரிகாவுக்கு.
முதல்நாள் சப்பாத்து ஒட்ட வந்தவள்
"மாமா, நீங்கள் முதுகு காட்டிக்கொண்டு நிண்டா
என்னை நம்பாத மாதிரிக் கிடக்கு" என்றாள்.
என்ன சொல்ல?

இடது காலில் வெள்ளை நாடா, வலதில் பச்சை.
பந்தை இரண்டு தரம் உருட்டி
வால்வு தன்னைப் பார்க்க வைத்தாள்.
நாலு அடி பின்னால் போனாள்.
அது குறுக்குக் கம்பத்துக்கு மேலால்,
வேலிக்கு மேலால்,
வாய்க்கால் தாண்டி வயலுக்குள்.
கொக்குகள் எழும்பிப் பறந்தன.
எங்களுக்கு நாலு, அவர்களுக்கு ஐந்து.

வெற்றிகளை நான் இரவல் வாங்கித்தான் சொல்லுவேன்,
இடது மூலையா வலது மூலையா
கேட்கிற ஆளைப் பொறுத்தது.
இது மட்டும் முழுசாய் என்னிடம் இருக்கிறது.
என்ன மாதிரி ஒரு அடி அது!
வெளியில் சொன்னால்
கழகத்தில் கதிரை தர மாட்டார்கள்.

வாற சனி வட்டக்கச்சியோடு.
பந்தின் தையலில் இன்னும் வயல் சேறு.
ஈர்க்கால் கிண்டி எடுத்துக் காற்று அடிக்கிறேன்.
"மாமா, எந்தப் பக்கம் பார்த்து நிக்கப் போறியள்?"
கேட்டுவிட்டு மிதிக்கிறாள் சைக்கிளை,
பதிலுக்கு நில்லாமல்.