உடைப்புக்கு ஒரு படம்

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
காட்டுமாடு மிதித்ததோ, மண் சரிந்ததோ,
ஊற்றிலிருந்து தொட்டிக்கு வரும் இரண்டங்குலக் குழாய்
பூண்டுக்காட்டு வளைவில் வாய் பிளந்துவிட்டது.
விடிந்து வால்வைத் திருகினேன்.
காற்றுதான் வந்தது, ஒரு செருமலோடு.

நான் சடையாண்டி.
வெள்ளரைக்காட்டுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன்.
ஊராட்சிப் பதிவேட்டில் நான் தொட்டி இயக்குபவர்.
நாற்பத்தாறு வீடுகளில்
தண்ணீர் வரும் நாளில் தம்பி,
வராத நாளில் 'அவன்'.

சுடுகாட்டு மேட்டில் ஏறி நின்றால்
ஒரு கோடு சிக்னல் கிடைக்கும்.
செயலர் இருளப்பனுக்குச் சொன்னேன். எழுதிக் கொடு என்றார்.
எழுதிக் கொடுத்தேன். ஒன்றியத்துக்கு அனுப்பினார்.
ஒன்றியத்தில் எஸ்டிமேட் போட ஓவர்சியர் பார்க்க வேண்டும்,
ஓவர்சியர் பார்க்க ஜீப் வர வேண்டும்,
ஜீப்புக்கு டயர் வர வேண்டும்.
யாரையும் குறை சொல்லவில்லை.
இந்த மலையில் எத்தனை குழாய், எத்தனை வளைவு.

மூன்றாம் நாள், காரட் கழுவிய கையோடு
வார்டு உறுப்பினர் வேளாங்கண்ணி
பழைய லாரி டியூப் ஒன்றை அறுத்துக்கொண்டு வந்தாள்.
உரக்கடையிலிருந்து கட்டுக்கம்பி வந்தது.
வரப்புத் தகராறில் பேச்சை விட்ட பங்காளிகள் இருவர்
ஆளுக்கொரு முனையைப் பிடித்து
அப்போதும் பேசாமலே இழுத்தார்கள்.
நான் சுற்றினேன், இறுக்கினேன், பல்லால் முறுக்கினேன்.
சாயங்காலம் காலித் தொட்டியில்
தகரத்தில் பீன்ஸ் கொட்டுகிற சத்தம்.

இருபதாம் நாள் ஜீப் வந்தது.
ஈரக் குடையோடு ஓவர்சியர் தமிழ்க்கொடி.
ரப்பரைத் தொட்டுப் பார்த்தார்.
"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க.
உடைஞ்சப்ப எடுத்த படம் எங்கே?
முன்படம், பின்படம் ரெண்டும் ஏத்தணும்.
முன்படம் இல்லாம புதுக் குழாய்க்குக் காசு வராது."

நாக்கு வறண்டு கிடக்கையில்
யாருக்குப் படம் எடுக்கத் தோன்றும்?

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
பிறகு குரலைத் தணித்து,
"ஒரு அஞ்சு நிமிஷம் அவுத்துவிட்டா..."

கம்பியில் கை வைத்தேன்.
"ஏய், இரு! சும்மா போக விடாதே!" என்று
பூங்காவனம் ஓடினாள் வீட்டுக்கு.
குடம், அண்டா, பால் கேன்,
அங்கன்வாடிக் குழம்பு வாளி.
ஒருத்தன் மழைத்தொப்பியைக் கழற்றி நீட்டினான்.
அவிழ்த்தேன்.
மேலே அடைந்து கிடந்த மலை மொத்தமும்
ஒரே வீச்சில் ஓவர்சியர் சேலையில்.
அவர்தான் முதலில் சிரித்தார்.
பிறகு எல்லோரும்.
படம் அதில்தான் விழுந்தது.

நாலு நாளில் திரும்பி வந்துவிட்டது.
குறிப்பு: சேதம் தெளிவாக இல்லை.
ஆட்கள் அதிகம்.
சிரிக்கிறார்கள்.

மறுபடி அவிழ்த்தோம்.
யாரும் பல்லைக் காட்டக் கூடாது என்று பேசிவைத்து,
சாவு வீட்டு முகத்தோடு தள்ளி நின்றோம்.
பங்காளிகளில் மூத்தவன் இளையவனிடம்
ஆறு வருஷம் கழித்துப் பேசினான்:
"தலையை எடுறா, குழாய் மறைக்குது."

படம் ஏறியது.
எஸ்டிமேட் மேலே போயிருக்கிறதாம்.
எங்களுக்குத் தெரிந்த மேலே
ஊற்று ஒன்றுதான்.

டியூப் இன்னும் வியர்த்தபடி பிடித்துக்கொண்டிருக்கிறது.
தள்ளுபடியான படத்தின் பிரதி ஒன்றை
ஓவர்சியர் கொடுத்தனுப்பியிருந்தார்.
தொட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.
இருட்டில் சாவி எடுக்கும்போது
டார்ச் வெளிச்சம் அதில் பட்டுப் போகும்.

இன்றைக்குக் கீழ்த்தெரு முறை.
ஆறு மணி தாண்டிவிட்டது.
"அவன் எங்கேடி தொலைஞ்சான்?" என்று
மூடுபனிக்குள் ஒரு குரல்.
திருகுகிறேன்.
இன்னும் அரைச் சுற்று,
தம்பி ஆகிவிடுவேன்.